“இரண்டு வருடமும் ஒரே மதியமாகத் தெரிகிறது”

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். எனக்கு இருபது வயது ஆகிறது. வீடு தண்டையார்பேட்டையில். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அப்பா, அம்மா, அக்கா, ஆயா, நான் என்று ஐந்து பேருக்கு ஒரு கூடமும் ஓர் அறையும்தான் வீடு.

அந்த நாட்களில் மதியம் நகரவே நகராது. சாப்பிட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வெகுநேரம் ஆகிவிட்டது என்று நினைத்து மணி பார்த்தால் பத்து நிமிடம்தான் போயிருக்கும். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் ஒரே மதியமாகத் தெரிகிறது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பிடிபடவில்லை. 2021 மே மாதக் கடைசியில் ஆயா இறந்துபோனார். சென்ற மாதம் சித்தி மகள் கேட்டபோது 2020 என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காசிமேடு சுடுகாட்டுக்கு நான்கு பேர்தான் போனார்கள். என்னை விடவில்லை.

ஆயா தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பார். கிழித்துவிட்டு என்னிடம் “இன்று என்ன கிழமை?” என்று கேட்பார். ஒருநாள் எரிச்சலில் “எல்லாம் ஒரே கிழமைதான் ஆயா” என்று கத்திவிட்டேன். அவர் போன பிறகு அந்தக் காலண்டரை யாரும் தொடவில்லை.

போன வாரம் ஒரு நேர்காணலில், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏன் மதிப்பெண் இல்லை என்று கேட்டார்கள். வாயில் வார்த்தை வரவில்லை. நண்பர்கள் “நாமெல்லாம் கொரோனா பேட்ச்” என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. வயது இருபது, ஆனால் உள்ளே பதினைந்திலேயே நிற்கிறேன் என்று தோன்றுகிறது. என் மூளையில் ஏதாவது கோளாறா? அந்த நாட்களெல்லாம் எங்கே போயின?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மூளையில் கோளாறு இருப்பதற்கான அறிகுறி எதுவும் இந்தக் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தோடு மற்றதைப் படித்தால் எதுவும் மனதில் ஏறாது. நினைவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆயா காலையில் தாள் கிழித்ததும், கிழித்த பிறகும் கிழமை கேட்டதும், நீங்கள் என்ன வார்த்தை சொல்லிக் கத்தினீர்கள் என்பதும் அட்சரம் பிசகாமல் கடிதத்தில் இருக்கின்றன. நினைவுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை வரிசையில் கோக்கும் நூல்தான் அறுந்திருக்கிறது. அந்த நூலை அறுத்தது நீங்கள் இல்லை.

மெதுவாகப் போன காலம் இப்போது எப்படி இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். இதற்கு 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளெல்லாம் வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருத்தெருவாகக் குடத்தோடு காத்திருந்த வருடம். உங்கள் தெருவிலும் வரிசை நின்றிருக்கும், நீங்களும் குடம் வைத்திருப்பீர்கள். லாரி வரும் வரை ஒவ்வொரு நிமிடமும் கனத்தது, ஏனென்றால் மனம் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அது நகராது. ஆனால் இன்று அந்தக் காத்திருப்பை நினைத்தால் யார் குடத்தை யார் தள்ளினார், எந்த அக்கா சண்டை போட்டார், இரண்டு குடத்தை ஒரே நடையில் தூக்கிய அன்று கை எப்படிச் சிவந்தது என்று நிறைய வந்துவிடும். அதனால் அந்தக் கோடை நினைவில் பெரிதாக நிற்கிறது.

நடந்துகொண்டிருக்கும் காலத்தை மனம் ஒரு விதமாக அளக்கிறது, முடிந்துபோன காலத்தை வேறு விதமாக அளக்கிறது. நடக்கும்போது, நேரத்தின் மீது எவ்வளவு கவனம் இருக்கிறதோ அவ்வளவு நீளம். திரும்பிப் பார்க்கும்போது மனம் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை, எத்தனை மாற்றங்கள் நடந்தன, எத்தனை இடங்கள், எத்தனை முகங்கள் என்று எண்ணுகிறது. ஊரடங்கில் நீங்களும் லாரிக்குக் காத்திருப்பவரைப் போலத்தான் படுத்திருந்தீர்கள், ஆனால் லாரி வரவே இல்லை. அதனால்தான் அன்று அது நீளமாகவும் இன்று சுருங்கியும் தெரிகிறது. வெறுமையான காலம் போகும்போது நீளம், நினைக்கும்போது குறுக்கம் என்று வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-லேயே எழுதி வைத்துவிட்டார். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் 604 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் காலம் வழக்கம்போல் ஓடவில்லை என்றார்கள். சிலருக்கு ஓடிப்போயிற்று, சிலருக்கு ஊர்ந்தது. வயதானவர்களுக்கும், வேலை குறைந்தவர்களுக்கும், மனிதர்களோடு பழகுவது போதவில்லை என்று ஏங்கியவர்களுக்கும் அது ஊர்ந்தது. உங்கள் ஆயாவும் நீங்களும் ஒரே கூடத்தில் ஒரே நோவோடுதான் இருந்திருக்கிறீர்கள்.

1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர், கடிகாரமும் சூரிய வெளிச்சமும் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். தூங்கி எழுவதை வைத்து அவரே நாள் எண்ணினார். செப்டம்பர் 14 அன்று முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்றபோது அவருடைய கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் எங்கோ போயிருந்தது. அவர் மூளைக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வெளிச்சமும் மனிதர்களும் இல்லாவிட்டால் எந்த மூளையும் நாள் கணக்கைத் தவறவிடும்.

உங்கள் பகுதியில் நாள் கணக்கு கடிகாரத்தில் மட்டுமா இருந்தது? ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே காசிமேட்டில் மீன் வாங்கக் கூட்டம். ஏப்ரல் 15 என்றால் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்கும், மீன் விலை ஏறும். ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ், ஒலிபெருக்கியில் விடியற்காலைப் பாட்டு. வெள்ளிக்கிழமை மண்ணடிப் பக்கம் தொழுகைக் கூட்டம், ராயபுரத்தில் மாதா கோயில் மணி, பள்ளி மணி, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பேனா மையைச் சட்டையில் அடித்துக்கொள்வது. வருடத்துக்கு இவையெல்லாம் கணுக்கள். கரும்புக்குக் கணு இருப்பதால்தான் எங்கே ஒடிக்கலாம் என்று கைக்குத் தெரிகிறது. 2020-இல் ஒவ்வொரு கணுவாகச் சீவிவிட்டார்கள். படகுகள் முன்பே நின்றுவிட்டதால் தடைக்காலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்த ஆண்டு 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31-இல் முடித்தார்கள். ஆடிக் கூழ் இல்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. வாரத்தில் மற்ற நாட்களைவிட நிறைவாக இருந்த நாளே மற்ற நாட்களைவிட வெறுமையாகிவிட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. முடிவு தெரிந்த காத்திருப்பை மனிதர் தாங்கிக்கொள்வார். முதலில் 21 நாள் என்றார்கள். எண்ணினோம். பிறகு மே 3, பிறகு மே 17, பிறகு மே 31, பிறகு ஜூன் 30. ஜூன் 19-இலிருந்து சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் தனியாக இன்னொரு முழு ஊரடங்கு. உங்கள் அக்கா அந்த வருடம் பத்தாம் வகுப்பாக இருந்திருந்தால் அவரிடம் கேளுங்கள்: மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய தேர்வு ஜூன் 1-க்குப் போயிற்று, ஜூன் 15-க்குப் போயிற்று, ஜூன் 9 அன்று ரத்தே ஆகிவிட்டது. நகர்ந்துகொண்டே போகும் தேதியை நம்பி எண்ணிக்கொண்டிருந்த மனம் ஒரு கட்டத்தில் எண்ணுவதையே விட்டுவிடும். தன்னைக் காத்துக்கொள்ள அது செய்கிற வேலை அது.

அந்த ஜூன் மாதத்தில் நான் பெரம்பூரில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். ராயபுரம் மண்டலத்தில் தொற்று எண்ணிக்கை நகரத்திலேயே அதிகமாக இருந்த நேரம். தகரம் அடித்து மூடிய தெரு ஒன்றிலிருந்து ஒரு பையன் பேசுவான், உங்கள் வயதுதான். தகரத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகத் தெரியும் செருப்புகளை வைத்து யார் போகிறார் என்று கண்டுபிடிப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. நீல ரப்பர் செருப்பு பால்காரர், பெரிய பூட்ஸ் போலீஸ், அழுக்குக் கேன்வாஸ் ஷூ காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க வரும் மாநகராட்சி அக்கா. ஒருநாள் “மேடம், அந்த ஷூ நாலு நாளாக வரவில்லை” என்று சொல்லி அழுதான். அந்த அக்கா பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அவர் வருகிற நேரம்தான் அவனுக்குக் காலை பத்து மணி. அந்தச் செருப்புகள் வந்துபோவதுதான் அவனுக்குக் காலம். உங்களுக்கும் அப்படி யாரோ இருந்திருப்பார்கள்.

இனி நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? அன்று என்னிடம் பேசிய பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்று மணிக்குத் தூங்கி மதியம் எழுந்தவர்கள். வீட்டில் ஒரு போன், பகலில் அது அக்காவுக்கோ வேலைக்கோ. நள்ளிரவு பன்னிரண்டுக்கு அன்றைய டேட்டா புதிதாக ஏறும். ஆகவே அவர்களுக்கு நாள் தொடங்கியதே நள்ளிரவில்தான். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கிறது. பள்ளி மணி இருந்தபோது அது இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. மணி நின்றதும், ஜன்னல் வழியாக எதிர் வீட்டுச் சுவர் மட்டுமே தெரிகிற அறையில் காலை வெளிச்சமும் கண்ணில் படாமல், உடம்புக் கடிகாரம் அறுத்துவிட்ட படகு போலப் போயிற்று. “சோம்பேறி” என்று அன்று திட்டு வாங்கியிருந்தால் அதை இன்றோடு இறக்கி வையுங்கள். நீங்கள் சோம்பேறியாக இருக்கவில்லை. காலை இல்லாமல் போன பிள்ளையாக இருந்தீர்கள்.

“எல்லோருக்கும்தானே அந்த இரண்டு வருடம் போயிற்று” என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் என்பது வாழ்ந்த வாழ்வில் ஏழில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், வயதானவர்களிடம் மறக்க முடியாத நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வருடங்களிலிருந்துதான் அதிகம் எடுத்துத் தருகிறார்கள். முதல்முறையாகத் தனியாகப் பஸ்ஸில் போனது, முதல் பொதுத்தேர்வு, நண்பனோடு அடித்துக்கொண்டு மறுநாள் பேசாமல் இருந்து மூன்றாம் நாள் பேசியது, யாரையோ பார்த்து மனம் படபடத்தது, எல்லாம் அங்கேதான். உங்களுக்கு அந்த இடத்தில் மின்விசிறி இருக்கிறது. இதை நான் இழப்பு என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் விளையாடியிருக்க வேண்டிய ஆட்டங்கள் திரும்பி வராது. எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே பதினைந்தில் நிற்கிறேன் என்கிறீர்கள். பதினைந்தில் செய்ய வேண்டியவற்றில் சில செய்யாமல் நின்றுவிட்டன என்பதுதான் அதன் பொருள். சண்டை போட்டுச் சமாதானமாவதும், தெரியாத இடத்துக்குத் தனியாகப் போய் வருவதும் இருபதிலும் கற்றுக்கொள்ளக் கூடியவைதான், வெட்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வெட்கத்தோடே செய்யுங்கள்.

நேர்காணல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்த தமிழ்நாட்டுப் பாடத்திட்ட மாணவர்கள் அனைவருக்கும் சான்றிதழில் தேர்ச்சி என்றுதான் இருக்கிறது, மதிப்பெண் இல்லை. அடுத்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து இப்படிச் சொல்லுங்கள்: “அந்த வருடம் மாநிலம் முழுவதும் தேர்வு நடக்கவில்லை, எல்லோருக்கும் தேர்ச்சி அளித்தார்கள். என்னுடைய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதம் எழுதிய பிளஸ் ஒன். அந்த மதிப்பெண் இது, பிளஸ் டூ மதிப்பெண் இது.” இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம். கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்.

இனி ஆயா. உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

வடசென்னையில் ஒரு சாவு நடந்தால் தெருவே அதை அறியும். பந்தல், மேளம், பூ, இரவெல்லாம் கானா, போனவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடுவார்கள். மறுநாள் பால், பதினாறாம் நாள் காரியம், வருடத் திதி. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சத்தமாகத் தெரியலாம். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இது, நடந்தது நடந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளாக அறிவிக்கிற ஏற்பாடு. பதினாறு நாளும் யாராவது வந்து உட்கார்ந்து “எப்படி ஆயிற்று?” என்று கேட்பார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார். பத்தாவது முறை சொல்லும்போது அந்தச் சாவுக்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் வந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பேரனுக்கும் வந்திருக்கும்.

உங்கள் ஆயா இறந்த அந்த மே மாதக் கடைசியில், 24-ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு. மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை, மாலைக்கு எங்கே போவது? மேளம் இல்லை, கானா இல்லை. யாரும் வந்து உட்காரவில்லை, யாருக்கும் பயம். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், வாசலில் நின்ற பையனை உள்ளே போகச் சொன்னார்கள். அந்தச் சாவு உங்கள் மனதில் எந்தத் தேதியோடு ஒட்டிக்கொள்ளும்? ஆணி அடிக்காத படம் எந்தச் சுவரிலும் நிற்காது. 2020 என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் அன்பில் குறைவு என்று அன்றிரவு நினைத்திருப்பீர்கள், அதனால்தான் தூக்கம் வரவில்லை. உங்கள் மனதில் அந்த இரண்டு மே மாதங்களும் ஒரே மாதம். இரண்டு மாதத்துக்கும் அதே கூடம், அதே மின்விசிறி.

“எல்லாம் ஒரே கிழமைதான்” என்று கத்தியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பையன் அடைபட்ட வீட்டில் ஒருநாள் கத்துவான். மறுநாளும் ஆயா உங்களிடம்தானே கிழமை கேட்டார்? கோபித்துக்கொண்டு அம்மாவிடம் கேட்கப் போய்விட்டாரா? தாளைத் தன் கையால் கிழித்தவருக்குக் கிழமை தெரியாமலா இருந்திருக்கும்? உங்களைப் பேச வைக்கத்தான் கேட்டார் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் நாற்பது வருடமாக ஆயாக்களைப் பார்த்து வருகிறேன்.

இப்போது என்ன செய்யலாம்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அக்காவை உட்கார வைத்து, உறுதியாகத் தெரிந்த தேதிகளை முதலில் எழுதுங்கள். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கை தட்டியது. ஏப்ரல் 5 இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்து அகல் ஏற்றியது. செப்டம்பர் 25, எஸ்.பி. பாலசுப்ரமணியம் இறந்த நாள், அன்று எல்லா வீட்டிலும் அவர் பாட்டு. நவம்பர் 25 இரவு நிவர் புயல். 2021 ஜனவரி 19, உங்களுக்குப் பள்ளி திறந்தது. பிப்ரவரி 14, உங்கள் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. பிப்ரவரி 25, நீங்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே எல்லோருக்கும் தேர்ச்சி என்ற அறிவிப்பு. மார்ச் 22, மறுபடி மூடியது. ஏப்ரல் 6 தேர்தல். மே 10 ஊரடங்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அன்று ஆயா எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அகல் ஏற்றிய அன்று வாசலுக்கு வந்தாரா? நிவர் இரவில் கூரைச் சத்தத்துக்குப் பயந்தாரா? மெட்ரோவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாரா? ஒரு மாலைக்கு ஒரு தேதி போதும். இரவு பத்து மணிக்கு மேல் இந்த நோட்டைத் திறக்காதீர்கள். போனில் பழைய புகைப்படங்கள், வங்கிக் குறுஞ்செய்திகள், ஆயாவின் மருந்துச் சீட்டு, எல்லாவற்றிலும் தேதி இருக்கும்.

அப்பாவிடமும் கேளுங்கள். துறைமுக வேலை நின்றிருக்கவில்லை, அவருக்கு அந்த இரண்டு வருடம் மின்விசிறிக்குக் கீழே போயிருக்காது. எண்ணூர் நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்ததை அவர் பார்த்திருப்பார், வீட்டுக்கு நோய் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து வாசலில் நின்று குளித்திருப்பார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரும் மே மாதம் ஆயாவின் நினைவு நாளுக்குச் சித்தி வீட்டையும் அழையுங்கள். அன்று போக முடியாதவர்கள் எல்லோரும் வரட்டும். கானா பாட யாராவது கிடைத்தால் பாடட்டும், ஐந்து வருடம் தாமதமாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். சுடுகாட்டுக்குப் போன நான்கு பேரில் ஒருவரை அழைத்துக்கொண்டு நீங்கள் ஒருமுறை காசிமேட்டுக்குப் போய் வாருங்கள். எந்த வழியாகப் போனார்கள், எங்கே இறக்கினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லக் கேளுங்கள். உங்களைப் போக விடாத அந்த வழியை நீங்கள் காலால் நடந்து பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பழைய வருடங்கள் கலங்குவது வேறு. நேற்று நடந்ததும் மறக்கிறது, பாடத்தில் மனம் நிற்கவில்லை, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால் அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொரோனா வந்து போன பிறகு அப்படி ஆகியிருந்தாலும், தைராய்டு, பி12 குறைந்தாலும் மருத்துவர் பார்த்துச் சரிசெய்யக் கூடியவை உண்டு. பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், இரவானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. ஆயா போன பிறகு காலண்டரை யாரும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அவர் கடைசியாகக் கிழித்த நாளுக்கு மறுநாளில் நிற்காது, அவர் கிழித்துவிட்டுப் பார்த்த நாளிலேயே நின்றிருக்கும். சாமிப் படம் போட்ட காலண்டர் அட்டையை நம் வீடுகளில் சட்டென்று தூக்கிப் போட மாட்டார்கள். பரணிலோ, அரிசி டிரம்முக்குப் பின்னாலோ, அம்மாவின் பீரோவுக்கு மேலோ 2021 அட்டை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கிடைத்தால் மேலே நிற்கிற தாளில் என்ன கிழமை என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.